கலமும் சரக்கும்: இயங்க மறுக்கும் மடிக்கணினியிலிருந்து கோப்புகளை மீட்டல்

நயினாதீவு ஸ்ரீ நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே பழைய தமிழ்க் கல்வெட்டொன்று உளது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த ஆணை அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. பேராசிரியர் கா. இந்திரபாலா அவர்கள் 1963ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழிலே அதனை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஊராத்துறை, அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறை, என்னும் துறைமுகத்துக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்பது அவ்வாணையின் ஒரு கூறு. கரையிலே உடைந்த கலங்களைப் பற்றியது மற்றொரு கூறு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடையுமாயின் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். வாணிகப் பண்டம் ஏற்றிவந்த கலம் உடையுமாயின் இருவருக்கும் சரிபாதி சேரும். இவ்விதிகள் நின்று நிலவுதற்பொருட்டுக் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பெற்றன என்றும் அவ்வாணை கூறுகின்றது.

இக்கல்வெட்டை வரலாற்று மாணவர் ஒருவகையாக நோக்குவர். கணினியோடு பழகும் இக்காலத்தார்க்கும் அதிலே ஒரு பாடம் உண்டு. கலம் வேறு, சரக்கு வேறு. கலம் உடைந்தமையால் சரக்கும் அழிந்தது என்று கொள்ளலாகாது. உடைந்த கலத்துச் சரக்குக்கும் உடையவன் ஒருவன் உளன். மடிக்கணினி ஒருநாள் இயங்க மறுக்கும்போது நம்மிற் பெரும்பாலோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றோம். கலத்தைச் செப்பஞ் செய்யும் அவசரத்திலே சரக்கை நாமே கடலில் எறிந்துவிடுகின்றோம். அவ்வாறு நேராதிருத்தற்கு அறிய வேண்டியவற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், நெடுந்தீவைப் பிறப்பிடமாகக் கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மடிக்கணினியுடன் என்னிடம் வந்தார். தீவின் குறிச்சிப் பெயர்கள், கிணறுகளின் பெயர்கள், பவளப்பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளின் எல்லை வழக்குகள், குடும்ப வழிமுறைகள் ஆகியவற்றை அவர் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திரட்டி அதனுள்ளே எழுதி வைத்திருந்தார். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வினால் தீவகத்து மக்கள் பல திசைகளிலும் சிதறியவர்கள். ஆதலின் முதியோரைத் தேடி யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் சென்று அவர்தம் பேச்சை ஒலிப்பதிவு செய்திருந்தார். அவை யாவும் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருந்தன. ஒரு நாட் காலையில் அஃது எழவில்லை. திருத்துங் கடையொன்றிலே காட்டியபோது, விண்டோஸைப் புதிதாக நிறுவிப் பார்க்கலாம் என்றார்களாம். நல்லூழாக அவர் அதற்கு இசையவில்லை. குறிகட்டுவான் துறையில் இறங்கிப் பேருந்தேறி வந்தவர், கணினியை மேசைமேல் வைத்துவிட்டுக் கூறியது இவ்வளவே: “தம்பி, பெட்டி போனாற் போகட்டும், உள்ளுக்குள்ளே இருக்கிறதை எடுத்துத் தந்தாற் போதும்.”

கல்வெட்டின் நீதியும் அதுவே. அதனை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை இனி நோக்குவோம்.

கணினி எழும் முறை

நோயை அறியாது மருந்து தேடலாகாது. ஆதலின் கணினி எவ்வாறு எழுகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் மின்கலத்திலிருந்தோ மின்னேற்றியிலிருந்தோ தாய்ப்பலகைக்கு மின் பாய்கின்றது. இது முதற்படி. தாய்ப்பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்ட சிறு நிரல் விழித்து, நினைவகம், திரை, விசைப்பலகை முதலியன செவ்வனே உளவா என்று சோதிக்கின்றது. இது இரண்டாம் படி. பின்னர் அந்நிரல் சேமிப்பகத்தைத் தேடி, அதன் தொடக்கத்திலுள்ள குறிப்பைப் படிக்கின்றது. இது மூன்றாம் படி. அக்குறிப்பின்படி விண்டோஸ் போன்ற இயக்க முறைமை நினைவகத்துக்கு ஏற்றப்படுகின்றது. இது நான்காம் படி. இவை நான்கும் நிறைவேறிய பின்னரே நம் கோப்புகள் திரையிலே தோன்றும்.

எப்படியிலே கணினி தடைப்பட்டது என்பதைக் கண்ணாலும் காதாலும் ஒருவாறு அறியலாம். விளக்கும் எரியாது விசிறியும் சுழலாதிருப்பின் குற்றம் முதற்படியிலுள்ளது. விளக்கு எரிந்து விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பின் குற்றம் பெரும்பாலும் இரண்டாம் படியிலுள்ளது. உற்பத்தியாளர் சின்னம் தோன்றி, எழுப்புதற்குரிய சேமிப்பகம் இல்லை என்னும் பொருள்பட ஒரு வரி வருமாயின் குற்றம் மூன்றாம் படியிலுள்ளது. விண்டோஸின் வட்டம் ஓயாது சுழல்வதும் நீலத் திரை தோன்றுவதும் பெரும்பாலும் நான்காம் படிக்குரிய அறிகுறிகள்.

ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், முதலாம், இரண்டாம் படிகளிற் குற்றம் நேர்ந்தால் கோப்புகள் பெரும்பாலும் தொடப்படுவதே இல்லை. நான்காம் படியிலும் அவை பலகாலும் நலமாகவே இருக்கும். மூன்றாம் படியொன்றே சேமிப்பகத்தின் நலத்தைப் பற்றி நேராக ஐயுறச் செய்கின்றது. அதுவும் எப்பொழுதுமன்று.

இவ்வுண்மையை உலகம் 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றினால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் எழ முடியாது முடங்கின என்று மைக்ரோசொப்ட் நிறுவனம் கணக்கிட்டது. வானூர்திகள் நின்றன, மருத்துவமனைகளும் வங்கிகளும் இடருற்றன. ஆயினும் அக்கணினிகளில் இருந்த கோப்புகள் அழியவில்லை. பிழையான அச்சிறு கோப்பை நீக்கியதும் அவை மீண்டும் எழுந்தன. கலங்கள் பல ஒரே நாளில் தரைதட்டின. சரக்கோ உள்ளேயே இருந்தது.

முதலிற் செய்யத்தகாதவை

இயங்காத கணினியைக் கண்டவுடன் செய்யத்தக்கவற்றினும் செய்யத்தகாதவற்றை அறிதலே தலையாயது.

விண்டோஸைப் புதிதாக நிறுவலாகாது. தொழிற்சாலை நிலைக்கு மீளமைத்தலும் ஆகாது. அதன் காரணத்தை நூலகத்தைக் கொண்டு விளக்கலாம். நூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் அட்டவணைப் பெட்டியில் ஒரு சீட்டு உண்டு. சீட்டைக் கிழித்து எறிந்தாலும் நூல் அலுமாரியிலேயே இருக்கும். ஆனால் அவ்விடம் வெறுமை என்று எண்ணி நூலகர் அங்கே புதிய நூலை வைப்பாராயின் பழைய நூல் அகற்றப்பட்டுவிடும். வன்தட்டிலே கோப்பை அழிப்பதென்பது பெரும்பாலும் சீட்டைக் கிழிப்பதே. புதிய முறைமையை நிறுவுவதோ, அலுமாரிகளிற் புதிய நூல்களை அடுக்குவது. முன்னதனின் மீளலாம், பின்னதனின் மீளல் அரிது.

திண்மநிலைச் சேமிப்பகத்தில், அஃதாவது எஸ்.எஸ்.டி. எனப்படுவதில், நிலைமை இன்னுங் கடுமையானது. அழிக்கப்பட்ட பகுதிகள் இனித் தேவையில்லை என்று முறைமை அதற்கு அறிவித்ததும், சேமிப்பகம் அவற்றைத் தானே துடைத்து வைத்துக்கொள்ளும். ஆதலின் அதிலே தவறுதலாக மீளமைத்த பின் மீட்பதற்கு யாதும் எஞ்சாதிருத்தல் கூடும்.

மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தி எழுப்ப முயலுதலும் தகாது. தட்டு நோயுற்றிருப்பின் ஒவ்வொரு முயற்சியும் நோயை முதிர்விக்கும். தட்டிலுள்ள பிழைகளைத் தானே திருத்தும் கட்டளைகளையும் கோப்புகளைப் படியெடுத்த பின்னரே ஏவுதல் வேண்டும். ஏனெனின் அவை திருத்துவதற்காகத் தட்டிலே எழுதுகின்றன. எழுதுதல் ஆகாது, படித்தல் மட்டுமே தகும் என்பதே மீட்புப் பணியின் முதல் விதி.

மூன்று வழிகள்

செய்யத்தகாதவற்றை விலக்கிய பின், எளியதிலிருந்து அரியதை நோக்கிச் செல்லுதல் முறை.

முதல் வழி, கலத்தையே சிறிது நேரம் எழுப்பிப் பார்த்தல். மின்னேற்றியைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் வரை அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்னை வடியவிட்டு, மீண்டும் மின்னேற்றியை இணைத்து ஒருமுறை முயலலாம். அதே அளவின் வேறொரு மின்னேற்றியாலும் சோதிக்கலாம். திரை மட்டும் இருண்டிருப்பதாக ஐயமுண்டாயின் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் பார்க்கலாம். திரை மட்டும் பழுதுற்ற கணினி அங்கே முழுமையாகத் தோன்றும். இவ்வாறு எழுந்துவிட்டால் வேறெதுவும் செய்யாது, இன்றியமையாத கோப்புகளை வெளித்தட்டொன்றுக்கு உடனே படியெடுத்தல் வேண்டும். நாளை பார்ப்போம் என்று மூடிவைக்கலாகாது.

இரண்டாம் வழி, உள்ளிருக்கும் முறைமையை விட்டு, வெளியிலிருந்து வேறொரு முறைமையைக் கொண்டுவந்து கணினியை எழுப்புதல். உபுண்டு முதலான லினக்ஸ் முறைமைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. நல்ல நிலையிலுள்ள மற்றொரு கணினியிலே அதனைப் பதிவிறக்கி, ரூஃபஸ் போன்ற சிறு மென்பொருளால் ஒரு பென் ட்ரைவில் எழுதிக்கொள்ளலாம். நோயுற்ற கணினியில் அதனைச் செருகி, எழும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப் ஆகிய விசைகளில் அக்கணினிக்குரியதை அழுத்தினால், எதிலிருந்து எழ வேண்டும் என்னும் பட்டியல் தோன்றும். அதிற் பென் ட்ரைவைத் தெரிவு செய்தல் வேண்டும். பின்னர் நிறுவுவதா, நிறுவாது பார்ப்பதா என்று முறைமை வினவும். நிறுவாது பார்த்தலையே தெரிதல் வேண்டும். மற்றையதைத் தெரிந்தால் முன்னே விலக்கிய குற்றத்துக்கே ஆளாவோம். அதன் பின் உள்ளிருக்கும் தட்டு ஒரு கோப்புறையாகத் தோன்றும். வேண்டியவற்றை வெளித்தட்டுக்குப் படியெடுக்கலாம். நான்காம் படியிலே தடைப்பட்ட கணினிகளுக்கு இதுவே சிறந்த வழி.

மூன்றாம் வழி, சரக்கை உடைந்த கலத்திலிருந்து வேறொரு கலத்துக்கு மாற்றுதல். அஃதாவது சேமிப்பகத்தைக் கழற்றி மற்றொரு கணினியுடன் இணைத்தல். முதலாம், இரண்டாம் படிகளிலே தடைப்பட்ட கணினிகளுக்கு இது வேண்டப்படும். கழற்றுமுன் மின்னேற்றியை நீக்கி, மின்கலத்தின் இணைப்பையும் பிரித்தல் வேண்டும். மின்கலம் வீங்கியிருக்கக் கண்டால் அதனை நெம்பவோ அழுத்தவோ கூடாது. தீப்பற்றும் இயல்பினது ஆதலின் பழகியவரிடமே விடுதல் வேண்டும். பழைய மடிக்கணினிகளில் வன்தட்டு உள்ளங்கை அளவான தட்டையான பெட்டியாக இருக்கும். புதியனவற்றிலே சேமிப்பகம் விரலளவான மெல்லிய பலகையாக இருக்கும். இவ்விரண்டையும் யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் உறைகள் கடைகளில் விற்கப்படுகின்றன. மெல்லிய பலகைகளுள்ளும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகை உண்டு. உறை அவ்வகைக்குப் பொருந்தியதாக இருத்தல் வேண்டும். ஒருசார் கணினிகளில், குறிப்பாக அண்மைக்கால ஆப்பிள் மடிக்கணினிகளில், சேமிப்பகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருத்தலால் கழற்ற இயலாது. அங்கே தாய்ப்பலகையை உயிர்ப்பித்தலே வழியாம்.

நெடுந்தீவு ஆசிரியரின் கணினியில் விளக்கே எரியவில்லை. திறந்து பார்த்தபோது தாய்ப்பலகையின் ஓரத்தில் பச்சை நிறமான அரிப்பு படர்ந்திருந்தது. கலம் கெட்டது என்பது தெளிவாயிற்று. ஆனால் வன்தட்டு தனியே இருந்தது. அதனைக் கழற்றி உறையிலிட்டு வேறொரு கணினியோடு இணைத்தோம்.

பூட்டும் திறவுகோலும்

அடுத்து நிகழ்ந்ததைக் கூறுமுன், இக்காலத்துக் கணினிகளுக்கே உரிய ஒரு தடையை இங்கே சொல்லுதல் வேண்டும். அஃது மறையாக்கம். கள்வன் தட்டைக் கழற்றிச் சென்றாலும் படிக்க முடியாதவாறு, தட்டிலுள்ளவை யாவற்றையும் முறைமை மறைமொழியாக மாற்றி வைக்கின்றது. விண்டோஸில் இதன் பெயர் பிட்லொக்கர். ஆப்பிள் கணினிகளில் ஃபைல்வோல்ட். விண்டோஸ் 11 உடன் வரும் பல மடிக்கணினிகளில் உரியவர் கேளாமலே இது தொழிற்படத் தொடங்கியிருக்கும்.

இத்தகைய தட்டைக் கழற்றி வேறிடத்தில் இணைத்தால், அல்லது பென் ட்ரைவிலிருந்து எழுப்பினால், திறவுகோல் கேட்கப்படும். பிட்லொக்கரின் மீட்புத் திறவுகோல் 48 இலக்கங்களைக் கொண்டது. அதற்கு ஈடான குறுக்குவழி இல்லை. திறவுகோல் இல்லையெனின் எந்த வல்லுநராலும் யாதும் செய்ய இயலாது. பெரும்பாலோர்க்கு அது தம் மைக்ரோசொப்ட் கணக்கினுள்ளே தானாகச் சேமிக்கப்பட்டிருக்கும். கைத்தொலைபேசியிலிருந்தே அக்கணக்கினுள் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அக்கணக்கின் கடவுச்சொல்லை மறந்தவர் பலர். கணினியைக் கடையில் வாங்கும்போது வேறொருவர் தம் பெயரிற் கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருத்தலும் உண்டு. ஆதலின் கணினி நலமாக இருக்கும்போதே அத்திறவுகோலைத் தேடியெடுத்துத் தாளில் எழுதி, வீட்டுறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் பெட்டகத்திலே வைத்தல் அறிவுடைமையாம். பராக்கிரமபாகுவின் ஆணையிலே சரக்குக்கு உடையவன் ஒருவன் உளன்; இங்கே உடையவன் என்பதற்குச் சான்று அந்த 48 இலக்கங்களே.

நோயுற்ற தட்டு

ஆசிரியரின் தட்டு பழையது, அதிலே பூட்டில்லை. கோப்புறைகள் திரையிலே தோன்றின. ஆனால் படியெடுக்கத் தொடங்கியதும் சில கோப்புகளில் நின்று நின்று சென்றது. ஓரிடத்திலே முற்றாக நின்றது. தட்டும் நோயுற்றிருந்தது என்பது அப்போது விளங்கிற்று.

வன்தட்டின் அமைப்பை அறிந்தால் இதன் காரணம் புலனாகும். காந்தப் பூச்சுடைய வட்டத்தகடுகள் நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்கின்றன. அவற்றின் மேலே படிக்கும் முனை தொடாமல் மிதக்கின்றது. இடைவெளி சில நனோமீற்றர் மட்டுமே. தலைமயிரின் தடிப்பிற் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டிலே இருபத்துநான்கு அங்குல விட்டமுடைய ஐம்பது தகடுகள் இருந்தன; அதன் கொள்ளளவோ ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. இன்று அதனினும் பல இலட்சம் மடங்கு கொள்வது உள்ளங்கையில் அடங்குகின்றது. இவ்வளவு நுண்மையிலே ஒரு தூசியும் மலைபோன்றது. தட்டு டக், டக் என்று ஒரே சீராக ஒலிக்குமாயின் முனை பழுதுற்றது என்க. அதனை உடனே நிறுத்திவிடல் வேண்டும். வீட்டிலே தட்டின் மூடியைத் திறத்தல் ஒருபோதும் தகாது. தூசியற்ற அறையுள்ள மீட்புக் கூடங்களிலேயே அதனைத் திறப்பர்.

ஒலி இயல்பாயிருந்து சில இடங்கள் மட்டும் படிக்க அரியனவாயின், கோப்பு கோப்பாக எடுக்க முயலாமல், தட்டு முழுவதையும் ஒரு படிமமாக எடுத்தல் சிறந்தது. இதற்கென டி.டி.ரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருள் உண்டு. அது தேர்வெழுதும் நல்ல மாணவனைப் போன்றது. எளிய வினாக்களுக்கு முதலில் விடையெழுதி, அரியனவற்றைக் குறித்து வைத்துவிட்டு இறுதியில் அவற்றுக்கு மீள்கின்றது. தட்டு இடையிலே இறந்துபடினும் எளிதிற் கிடைப்பன யாவும் முன்னரே கைக்கு வந்துவிடும். அழிந்த கோப்புகளைத் தேடும் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் முதலிய மென்பொருள்களையும் அப்படிமத்தின் மேலேயே ஏவுதல் வேண்டும். மூலத் தட்டின் மேலன்று. ஏட்டைப் படியெடுத்த பின் படியை வைத்துக்கொண்டே பாடபேதம் ஆராய்வது போன்றது இது.

எத்துணைக் கேட்டுக்கும் பின் மீட்பு இயலும் என்பதற்கு ஒரு சான்று. 2003ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்புகையிற் சிதைந்து, அதிலிருந்த எழுவரும் உயிர் நீத்தனர். செனன் வாயுவின் பிசுக்குமையைப் பற்றிய ஆய்வின் அளவீடுகள் அதிலிருந்த 400 மெகாபைட் வன்தட்டொன்றிலே இருந்தன. விழுந்த சிதைவுகளுள்ளே அத்தட்டு கருகிய நிலையிற் கண்டெடுக்கப்பட்டது. தகடுகளிலே தரவு பதிந்த பகுதி பெரிதும் கெடாதிருந்தமையால், மீட்பு வல்லுநர் ஏறத்தாழ 99 வீதத்தை மீட்டனர். அவ்வாய்வின் முடிவு 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்றது. வானிலிருந்து விழுந்த தட்டே படிக்கப்பட்டதாயின், மேசைமேல் எழ மறுக்கும் கணினியைக் கண்டு உடனே நம்பிக்கை இழத்தற்கு யாதொரு காரணமும் இல்லை.

எங்கள் படிமம் ஓர் இரவும் மறுநாட் பகலும் கொண்டது. எழுத்துக் கோப்புகள் யாவும் கிடைத்தன. ஒலிப்பதிவுகளில் மூன்று கிடைக்கவில்லை.

உப்புக்காற்றும் கடல்நீரும்

தீவகத்தார்க்கு மட்டும் உரிய இடர்கள் சிலவற்றையும் கூறுதல் வேண்டும். கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்க்கும். ஈரத்தோடு கூடிய உப்பு மின்னைக் கடத்தும், செம்பை அரிக்கும். விசிறியுள்ள கணினி அக்காற்றை நாள்தோறும் உள்ளிழுக்கின்றது. கடலுக்கு அண்மையிலுள்ள வீடுகளிலே திறந்த யன்னலருகிற் கணினியை இரவு முழுதும் வைத்தலைத் தவிர்த்தல் நன்று. பயன்படாத வேளையில் உறையிலிட்டுச் சிலிக்கா பொதியுடன் வைக்கலாம்.

மின்னும் ஓர் இடரே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்வலையமைப்போடு இணையாது டீசல் மின்பிறப்பாக்கிகளால் மின் பெற்று வந்தவை. சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்னமைப்புகளை அம்மூன்று தீவுகளிலும் நிறுவுதற்கு, இந்திய அரசின் நன்கொடையுடன் 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. மின் எவ்வழி வரினும், மின்கலம் தேய்ந்த மடிக்கணினி மின்வெட்டின்போது திடீரென அணைந்துவிடும். அவ்வேளையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பும், சிலபோது அட்டவணையும் கெடும். தேய்ந்த மின்கலத்தை மாற்றுதல் கோப்புகளைக் காத்தலின் ஒரு பகுதியே.

படகேறும்போது கணினி கடலில் விழுந்து எடுக்கப்படுமாயின், அதனை எழுப்பிப் பார்த்தல் பெருந்தவறு. அரிசியிற் புதைத்தலும் வெயிலிற் காயவைத்தலும் பயனில. நீர் உலர்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி அரிக்கும். மின்கலத்தை உடனே பிரித்து, நாட்கடத்தாது வல்லுநரிடம் சேர்த்தல் வேண்டும். சுழலும் வன்தட்டு நனைந்திருப்பின், உப்பு தகடுகளில் உறையாதவாறு ஈரத்துணியிற் சுற்றி நெகிழிப் பையிலிட்டு மீட்புக் கூடத்துக்கு அனுப்புதலே முறை.

கல்லிலும் செம்பிலும்

இதுகாறுங் கூறியவை யாவும் கலம் உடைந்த பின் செய்பவை. உடையுமுன் செய்யத்தக்கது ஒன்றே, அது படியெடுத்தல். இதனை நம் முன்னோர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பனையோலை சில தலைமுறைக்கே நிற்கும் என்று அறிந்தமையால் அவர்கள் ஏட்டை மீண்டும் மீண்டும் பெயர்த்தெழுதினார்கள். அவ்வழக்கம் தளர்ந்த காலத்திலே, சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்கள் எஞ்சிய ஏடுகளைத் தேடி அலைந்தார்கள். வீரசோழியத்தை 1881ஆம் ஆண்டிலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885ஆம் ஆண்டிலும், கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலும் அச்சேற்றினார்கள். தொடுமுன்னே உதிர்ந்துபோகும் ஏடுகளைப் பற்றி அவர்கள் பதிப்புரையில் வருந்தியெழுதியதைப் படித்தவர், நோயுற்ற தட்டைப் படிமமெடுப்பவனின் மனநிலையை எளிதில் உணர்வர்.

படியில்லாமையின் விலையையும் நாம் அறிவோம். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திலே படியுள்ள அச்சு நூல்களைப் பின்னர் வாங்கி வைக்கலாம். ஒற்றைப் படியாக இருந்த ஏடுகளை எவராலும் மீளக் கொணர முடியாது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து இணையத்தில் வைத்து வருவது, இந்த இழப்பின் பாடத்தைக் கற்றோர் செய்யும் பணி.

ஒவ்வொருவரும் தம்மளவிற் செய்யத்தக்கது எளியது. இன்றியமையாத கோப்புகளுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். ஒன்று கணினியில், மற்றொன்று வெளித்தட்டில், மூன்றாவது வேறோர் ஊரில், அல்லது இணையச் சேமிப்பில். தீவிலிருப்பவர்க்கு மூன்றாம் படி தீவுக்கு வெளியே இருத்தல் நன்று. பென் ட்ரைவை அலுமாரியிலே பல ஆண்டுகள் மறந்து வைத்திருத்தல் காப்பாகாது. அதிலுள்ள மின்னேற்றம் காலத்தாற் கசிந்துவிடும். படியெடுத்தால் மட்டும் போதாது. அதனைத் திறந்து படித்தும் பார்த்தல் வேண்டும். இதற்கொரு நாள் வேண்டுமெனின், ஏடு தொடக்கும் விஜயதசமியைக் கொள்ளலாம். பூசையில் நூல்களை வைத்தெடுக்கும் நாளிலே ஆண்டுக்கொருமுறை நம் படிகளைத் திறந்து பார்ப்பது நல்ல வழக்கமாகும்.

ஆசிரியர் கோப்புகளைப் பெற்றுக்கொண்டபோது, முதலில் ஒலிப்பதிவுகளின் பட்டியலையே பார்த்தார். கிடைக்காத மூன்றனுள் இரண்டை மீண்டும் பதிவு செய்யலாம் என்றார். அப்பெரியோர் இருவரும் உயிரோடிருந்தனர். மூன்றாவது, நெடுந்தீவின் கிணறுகளைப் பற்றி ஓர் அம்மையார் நெடுநேரம் பேசியது. அவர் காலமாகி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. ஆசிரியர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர், இரண்டாவது தட்டொன்று வாங்க எவ்வளவு செல்லும் என்று வினவினார்.

பராக்கிரமபாகுவின் ஆணை கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பெற்றது. எண்ணூறு ஆண்டுகளின் பின் நயினாதீவிலே நாம் படிப்பது கல்லை. செம்பு மட்டுமே இருந்திருப்பின் இக்கட்டுரைக்குத் தொடக்கம் கிடைத்திராது.